கையிருப்பும் கைகொடுப்போரும்

வேலையை விட்டு விலகிச் சொந்தத் தொழில் தொடங்க எண்ணுபவர் பெரும்பாலும் முதலில் தம் கையிருப்பையே எண்ணிப் பார்க்கிறார். சேமிப்பு எவ்வளவு உள்ளது, கடன் கிடைக்குமா, கடை வாடகை எத்தனை ரிங்கிட், வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்னும் கேள்விகள் அவரைத் தூங்கவிடுவதில்லை. இந்தக் கணக்குத் தேவையானதே. ஆனால், அதன் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் உண்டு. பலர் அதைத் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. தம் வேலைத் திறத்தை அறிந்தவர் யார், தம் சொல்லை நம்பிப் பொருளோ பணமோ வேலையோ தரக்கூடியவர் யார், தமக்குத் தெரியாத ஒருவரிடம் தம்மைப் பற்றி எடுத்துச் சொல்லக்கூடியவர் யார் என்பதே அந்தக் கணக்கு.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் இருக்கிறது. ஒரு செயலில் இறங்குமுன் எடைபோட வேண்டிய வலிமைகளுள் துணையாக நிற்போரின் வலிமையையும் ஒன்றாக அது சேர்க்கிறது. அரசனை நோக்கிக் கூறப்பட்ட அக்கருத்து தொழில் உலகிற்கும் பொருந்தும் என்பதை ஒரு கடிதத்தின் கதை உணர்த்துகிறது. அமெரிக்காவில் எழுதப்பட்ட அக்கடிதத்தின் விளைவு, பதினைந்து ஆண்டுகளில் பினாங்குத் தீவுவரை வந்து சேர்ந்தது.

தந்தையின் தரகருக்கு ஒரு கடிதம்

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்ததற்காக 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் வில்லியம் ஷாக்லி. கலிபோர்னியா மாநிலத்தின் மவுண்டன் வியூ என்னும் ஊரில் அவர் ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்தி வந்தார். திறமைமிக்க இளம் அறிவியலாளர்களைத் தேடித் தேடி அதில் சேர்த்தார். ஆனால், அவருடைய நிருவாக முறை அவர்களுள் பலருக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. 1957இல் எட்டுப் பேர் அங்கிருந்து விலக முடிவு செய்தனர்.

அந்த எண்மரிடம் உயர்ந்த கல்வி இருந்தது. சிலிக்கானைக் கையாளும் அரிய திறன் இருந்தது. பணம் இல்லை, தொழில் நடத்திய பட்டறிவும் இல்லை. சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு முதலில் தோன்றவில்லை. எட்டுப் பேரையும் ஒரே குழுவாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்று கிடைத்தால் போதும் என்றே நினைத்தார்கள்.

அவர்களுள் ஒருவரான யூஜின் கிளைனரின் தந்தை, நியூயார்க் நகரின் ஹேடன் ஸ்டோன் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தார். தந்தையின் கணக்கைக் கவனித்த தரகருக்குக் கிளைனர் ஒரு கடிதம் எழுதினார். தங்கள் குழுவை ஏற்கக்கூடிய நிறுவனத்தைக் காட்டித் தருமாறு அதில் கேட்டிருந்தார். அக்கடிதம் அந்நிறுவனத்தில் பணிபுரிந்த ஆர்தர் ராக் என்னும் இளைஞரின் மேசைக்குச் சென்றது. அவரும் அவருடைய மேலதிகாரி ஒருவரும் கலிபோர்னியாவுக்குப் பறந்து வந்து எண்மரையும் சந்தித்தனர். வேலை தேடுவதைவிடச் சொந்த நிறுவனம் தொடங்குவதே நல்லது என்று அறிவுறுத்தினர். அச்சந்திப்பின் முடிவில் ஒப்பந்தப் பத்திரம் எதுவும் ஆயத்தமாக இல்லை. அதனால், ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து அவற்றில் பத்துப் பேரும் கையொப்பமிட்டார்கள்.

அடுத்த கட்டம் எளிதாக இருக்கவில்லை. ஆர்தர் ராக் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகினார். அனைத்தும் மறுத்துவிட்டன. இறுதியில் ஷெர்மன் ஃபேர்சைல்டு என்னும் தொழிலதிபரின் நிறுவனம் ஏறக்குறைய 1.4 மில்லியன் டாலர் தர முன்வந்தது. ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் பிறந்தது. 1958இல் அதன் முதல் வாடிக்கையாளராக ஐ.பி.எம். நிறுவனம் 100 டிரான்சிஸ்டர்களை, ஒன்றுக்கு 150 டாலர் விலையில் வாங்கியது. ஷெர்மன் ஃபேர்சைல்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களுள் ஒருவர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

இந்நிகழ்வை ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கிளைனர் பற்றிப் பிடித்த தொடர்பு மிக மெல்லியது. தந்தையின் தரகருக்கு அந்த எட்டுப் பேரின் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாது. அத்தொடர்பு ஒரு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். கதவுக்கு அப்பால் இருந்தவர்களை நம்பச் செய்யும் வலிமை அதற்கு இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மறுப்புகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

பதினோர் ஆண்டுகளுக்குப் பின்

அந்த எண்மருள் இருவர் ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும். 1968இல் இவர்கள் ஃபேர்சைல்டு நிறுவனத்தை விட்டு விலகினர்; இன்டெல் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினர். பணம் திரட்டும் பொறுப்பை மீண்டும் ஆர்தர் ராக்கே ஏற்றார். இம்முறை தொழில் திட்டம் ஓரிரு பக்கங்களைத் தாண்டவில்லை. ராக் தமக்குத் தெரிந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தார். சில நாள்களுக்குள் 2.5 மில்லியன் டாலர் சேர்ந்துவிட்டது.

முதலீட்டாளர் பட்டியல் பாடம் சொல்கிறது. 1957இல் நாய்சுடனும் மூருடனும் சேர்ந்து வேலையை விட்ட மற்ற அறுவரும் அதில் இடம்பெற்றனர். நாய்ஸ் படித்த கிரின்னல் கல்லூரியும் இடம்பெற்றது. அக்கல்லூரியும் அதன் அறங்காவலர் சிலரும் சேர்ந்து 300,000 டாலர் அளித்தனர்.

அக்கல்லூரிக்கும் நாய்சுக்கும் இடையிலான உறவு சுவையானது. 1948இல், மாணவராக இருந்தபோது, நாய்ஸ் விளையாட்டாகச் செய்த ஒரு தவற்றால் கல்லூரியிலிருந்து முற்றாக நீக்கப்படும் நிலைக்கு ஆளானார். இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல் அவருக்காகப் பரிந்து பேசினார். தண்டனை ஒரு பருவ இடைநீக்கத்தோடு நின்றது. டிரான்சிஸ்டரை நாய்சுக்கு அறிமுகப்படுத்தியவரும் அதே பேராசிரியர்தான். நாய்ஸ் அந்த நன்றியை மறக்கவில்லை. பின்னாளில் கல்லூரியின் அறங்காவலராகப் பணியாற்றினார். இன்டெல் தொடங்கியபோது முதலீட்டில் கல்லூரிக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். அம்முதலீடு பின்னர்ப் பன்மடங்காகப் பெருகியது. உதவி ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. போன வழியே திரும்பியும் வந்தது.

1957ஐயும் 1968ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆள்கள் அதே ஆள்கள். துறையும் அதே துறை. முதல்முறை வீடுவீடாகத் தட்டிய கைகளுக்கு இரண்டாம் முறை தொலைபேசியே போதுமானதாக இருந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலையையும் அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் பலர் நேரில் பார்த்திருந்தனர். அந்தப் பார்வையே இரண்டாம் முறை முதலாக மாறியது.

பினாங்கிற்கு வந்த சங்கிலி

1960களின் இறுதியில் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை பெருகியது. அப்போதைய முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் தலைமையிலான அரசு வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை ஈர்க்கும் முயற்சியில் இறங்கியது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. தொடக்கத்தில் வந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்கு மக்கள் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் குறிப்பிடுவர். இன்டெல் தனது முதல் வெளிநாட்டு ஆலையை அங்குதான் அமைத்தது. அந்த எட்டுள் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவரும், ஏ.எம்.டி. நிறுவனத்தைத் தொடங்கி வழிநடத்தியவரும்கூட ஃபேர்சைல்டில் பணியாற்றி விலகியவர்களே. ஒரு கடிதத்தில் தொடங்கிய சங்கிலியின் மூன்று கண்ணிகள் ஒரே தீவில் வந்து சேர்ந்தன.

சங்கிலி அதோடு முடியவில்லை. பினாங்கு ஆலைகளில் பல்லாண்டு பணியாற்றிய மலேசியர் சிலரும் சொந்தத் தொழிலுக்கு மாறினர். இன்டெலின் பினாங்கு ஆலையில் பணிபுரிந்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் குளோபட்ரானிக்ஸ் நிறுவனத்தை அமைத்தனர். தொடக்கக் காலத்தில் அந்நிறுவனத்திற்கு வேலை கொடுத்தது வேறு யாருமல்லர். அவர்கள் விட்டுவந்த இன்டெல்தான். 2000இல் தொடங்கப்பட்ட வைட்ராக்ஸ் நிறுவனத்தை அமைத்தவர்களும் பினாங்கில் வெளிநாட்டு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்களே.

பெரிய நிறுவனம் ஒன்று நேற்றுத் தொடங்கிய சிறிய நிறுவனத்துக்கு ஏன் வேலை கொடுக்க வேண்டும்? மின்னணுத் துறையில் ஒரு சிறு பாகம் பழுதானாலும் முழுக் கருவியும் வீணாகும். எனவே, விலை குறைவு என்பதற்காக மட்டும் யாரும் அறியாதவரிடம் வேலையை ஒப்படைப்பதில்லை. ஆனால், பத்தாண்டுகளாக அதே ஆலையில் தரத்தைக் காத்தவர் புதிய பெயர்ப்பலகையோடு வந்தால், அவர் எப்படி வேலை செய்வார் என்பது வேலை கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். புதிய நிறுவனத்துக்கு வரலாறு இல்லை. அதன் உரிமையாளருக்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தவர்களே அவருடைய முதல் வாடிக்கையாளர்கள்.

அரிதாகச் சந்திப்பவரின் பயன்

தொடர்பு என்றதும் நெருங்கிய நண்பரும் உறவினரும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில், அண்மையில் வேலை மாறிய அலுவலர்களை அவர் ஆராய்ந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் தந்தவரை எத்தனை முறை சந்தித்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகக் கூறியவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. அவ்வப்போது சந்தித்ததாக 55.6 விழுக்காட்டினரும், மிக அரிதாகச் சந்தித்ததாக 27.8 விழுக்காட்டினரும் கூறினர்.

காரணம் புரியக்கூடியதே. நெருங்கிய நண்பர்கள் ஒரே வட்டத்தில் வாழ்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். என்றோ ஒன்றாகப் பணியாற்றியவரும், பயிற்சியொன்றில் பக்கத்தில் அமர்ந்தவரும் வேறு வட்டங்களில் வாழ்கிறார்கள். அங்கு நடப்பதை அவர்கள் மூலமே அறிய முடிகிறது. கிரனோவெட்டர் ஆராய்ந்தது வேலை தேடுவோரைத்தான். எனினும், முதல் வாடிக்கையாளரைத் தேடும் தொழில்முனைவோருக்கும் புதிய செய்தியே தேவைப்படுகிறது. கிளைனர் குடும்பத்தின் தரகரும் இத்தகைய தூரத்துத் தொடர்பே.

நெருங்கியோரின் நம்பிக்கை

அவ்வாறாயின் நெருங்கியோரால் பயன் இல்லையா? உண்டு, அது வேறு வகைப் பயன். செய்தியைத் தூரத்துத் தொடர்பு தருகிறது. துணிந்து பணம் கொடுக்கும் நம்பிக்கையை நெருங்கிய தொடர்பு தருகிறது. இதற்குச் சான்று பினாங்கின் இன்னொரு பகுதியில் கிடைக்கிறது. பாயான் லெப்பாசில் ஆலைகள் எழுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, ஜோர்ஜ்டவுனின் பினாங்கு வீதியை ஒட்டிய வட்டாரத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்தினர். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு மேசையும் பெட்டியும் உண்டு.

அங்கு வேலைக்கு வரும் சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். கணக்கு எழுதக் கற்றுத் தேறியபின் ‘அடுத்தாள்’ ஆவான். திறமையும் நாணயமும் மெய்ப்பிக்கப்பட்டால் கிளையையே நிருவகிக்கும் ‘மேலாள்’ ஆகலாம். மூன்று ஆண்டு போன்ற தவணை அடிப்படையில் ஊரிலிருந்து வந்து பணியாற்றித் திரும்புவது வழக்கம். இவ்வாறு பயின்றவர் பலர் பின்னர்ச் சொந்த நிறுவனமோ கூட்டு நிறுவனமோ தொடங்கினர். உறவினரும் ஊராரும் தம் பணத்தை அவர்களிடம் வைப்பாகக் கொடுத்தனர். அடைமானப் பத்திரத்தைவிட அவர்களுடைய பெயரே பெரிய பிணையாக இருந்தது. ஒருவர் நாணயம் தவறினால் அச்செய்தி கடல் கடந்து செட்டிநாட்டுக்குச் சென்றுவிடும் என்பதால் நம்பிக்கைக்குக் காவலும் இருந்தது.

இம்முறையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். அந்த வட்டத்துக்குள் பிறந்தவருக்குத் திறந்த வாயில், வெளியில் பிறந்தவருக்கு மூடியிருந்தது. எத்துணைத் திறமை இருந்தாலும் வட்டத்துக்கு வெளியே நின்றவரால் பெட்டியடிப் பையனாகக்கூட உள்ளே செல்வது அரிது. நெருங்கிய தொடர்பின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

முதல் மாதத்தில் நடப்பது

இக்கருத்துகள் சிறு தொழிலில் எவ்வாறு செயல்படுகின்றன? கிள்ளானில், குளிரூட்டி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பத்தாண்டு பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவர் தனியாகத் தொழில் தொடங்குவதாக எண்ணிப் பாருங்கள். அவரிடம் 4,000 ரிங்கிட் சேமிப்பு இருக்கிறது. முன்பு உடன் பணியாற்றிய ஒருவர் இப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். அங்குள்ள பத்துக் குளிரூட்டிகளைச் சீரமைக்க ஆள் தேவை என்ற செய்தியை அவர் சொல்கிறார். உதிரிப்பாகங்களுக்கு 6,000 ரிங்கிட் ஆகும். வேலை முடிந்து 30 நாளுக்குப் பின்னரே கட்டடத்தார் பணம் தருவார்கள்.

கையிருப்பை மட்டும் பார்த்தால் இந்த வேலையை அவர் ஏற்க முடியாது. ஆனால், உதிரிப்பாகக் கடைக்காரருக்கு அவரைப் பத்தாண்டுகளாகத் தெரியும். முதலாளிக்காகப் பொருள் வாங்க வந்த காலத்தில் கணக்கில் அவர் ஒரு காசுகூடப் பிசகியதில்லை; தவறுதலாகக் கூடுதலாக வந்த பாகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அதனால் கடைக்காரர் 45 நாள் தவணையில் பொருளைக் கொடுக்கிறார். வட்டியில்லை, பிணையுமில்லை. வேலை நடக்கிறது, பணம் வருகிறது, கடன் தீர்கிறது. அந்த 6,000 ரிங்கிட்டை அவர் முதல் மாதத்தில் கடனாகப் பெற்றதாகத் தோன்றலாம். உண்மையில் பத்தாண்டுகளாக அவர் சிறிது சிறிதாகச் சேமித்து வைத்த நம்பிக்கையிலிருந்து அன்று எடுத்துக்கொண்டார்.

எனவே, ஒவ்வொருவரிடமும் எதைக் கேட்கலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது. வேலைத்திறத்தை நேரில் கண்டவரிடம் பரிந்துரை கேட்கலாம். தூரத்து அறிமுகத்தாரிடம் செய்தியும் ஆலோசனையும் கேட்கலாம். குடும்பத்தாரிடம் பணம் பெற்றால், தொகையையும் திருப்பித் தரும் காலத்தையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுவது நம்பிக்கையின்மையைக் காட்டாது. தொழில் நொடித்துப்போனாலும் உறவு நொடியாமல் காப்பதற்கே அந்த எழுத்து.

விலகும்போது உடையாமல் இருக்க

பத்தாண்டுகளாகச் சேர்த்த நன்மதிப்பை விலகும் ஒரே வாரத்தில் இழந்துவிடவும் முடியும். முன்னறிவிப்புக் காலத்தை மதிக்காமல் போவது, பாதி வேலையைப் போட்டுவிட்டுப் போவது, முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலைப் படியெடுத்துக்கொண்டு போவது ஆகியவை அத்தகையவை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒருவர் நேர்மையான தொழிலில் ஈடுபடுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சில விதிவிலக்குகள் தவிரச் செல்லாததாகக் கருதுகிறது. ஆனால், நிறுவனத்தின் இரகசியத் தகவலை எடுத்துச் செல்லும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. தம் கைத்திறனும் நற்பெயரும் விலகுபவருக்குச் சொந்தம். கோப்பும் பட்டியலும் நிறுவனத்துக்குச் சொந்தம். இந்த எல்லையை அறிந்து விலகுபவருக்கு முன்னாள் முதலாளியே தம்மால் ஏற்க முடியாத சிறு வேலைகளை அனுப்பி வைக்கலாம்.

இன்னொரு தவறும் உண்டு. மனிதர்களை ஏணிப்படிகளாக மட்டும் கருதுவது அது. தேவைப்படும்போது மட்டும் அழைப்பவரின் எண்ணைக் கண்டதும் பலர் தொலைபேசியை எடுப்பதில்லை. தாகம் எடுத்தபின் கிணறு வெட்டத் தொடங்குபவருக்கு நீர் கிடைப்பதில்லை.

தொடர்பு இல்லாதவர்

தந்தைக்குப் பங்குத் தரகர் இருந்ததால் கிளைனரால் கடிதம் எழுத முடிந்தது. அதே அளவு திறமையுள்ள, ஆனால் அத்தகைய தந்தை இல்லாத இளைஞர் பலர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்து, குடும்பத்தில் முதன்முதலாகத் தொழில் தொடங்குபவருக்கு வங்கி அதிகாரியையோ வழக்கறிஞரையோ தெரிந்திருக்காது. தொடர்பே எல்லாம் என்று சொல்லிவிட்டு இவர்களை மறந்துவிடுவது நியாயமாகாது.

பிறப்பால் கிடைக்காத தொடர்பை அமைத்துக்கொள்ளவும் வழிகள் உள்ளன. வணிகச் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவை ஒருவரைப் புதிய வட்டங்களுக்குள் கொண்டுசெல்கின்றன. 1987இல் அமைக்கப்பட்ட அமானா இக்தியார் மலேசியா, வங்காளதேசத்தின் கிராமின் வங்கி முறையைப் பின்பற்றியது. வசதி குறைந்த பெண்களை ஐவர் கொண்ட குழுக்களாகச் சேர்த்து, பிணையின்றிச் சிறுகடன் வழங்கியது. அடைமானம் வைக்கச் சொத்தில்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் கொண்ட பொறுப்பே பிணையாக நின்றது. ஏற்கெனவே வட்டத்துக்குள் இருப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. பேராசிரியர் கேலைப் போல, வெளியில் நிற்கும் ஒருவருக்காகப் பேச முன்வருவதே அது.

வகுப்பறையிலிருந்தே

தொழில் தொடங்குவது மாணவர்களுக்குத் தொலைவில் உள்ள செயலாகத் தோன்றலாம். ஆனால், அதற்கான இரண்டாம் கணக்கு இப்போதே எழுதப்பட்டு வருகிறது. குழுப்பணியில் தம் பங்கைக் குறித்த நாளில் முடித்துக் கொடுப்பவர் யார், இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் யார், பிறர் உழைப்பைத் தமதென்று காட்டாதவர் யார் என்பதை உடன் படிப்போர் யாரும் எழுதி வைப்பதில்லை, ஆயினும் மறப்பதுமில்லை.

1948இல் ஒரு மாணவருக்காகக் கிராண்ட் கேல் பரிந்து பேசியபோது, இருபது ஆண்டுகளுக்குப் பின் பிறக்கப்போகும் ஒரு நிறுவனம் அவர் மனத்தில் இல்லை. தம் மாணவர் ஒருவர் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறை மட்டுமே இருந்தது. பயன் கருதாமல் செய்த அச்செயலே நெடுநாள் நிலைத்த தொடர்பாயிற்று.

சொல்வளம்

கையிருப்பு – ஒருவரிடம் தற்போது உள்ள பணம்
எண்மர் – எட்டுப் பேர்
பட்டறிவு – அனுபவம்
கிட்டங்கி – செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கூடம்
நாணயம் – நேர்மை. சொன்ன சொல் தவறாமை
பிணை – கடனுக்கு உறுதியாகக் காட்டப்படும் பொருள் அல்லது ஆள்

சிந்தித்து விடையளிக்க

1. கிளைனரின் கடிதம் எதற்காக எழுதப்பட்டது? அது எத்தகைய திருப்பத்தை ஏற்படுத்தியது?
2. 1957இலும் 1968இலும் பணம் திரட்டிய முறைகளை ஒப்பிடுக. வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?
3. தூரத்துத் தொடர்பு, நெருங்கிய தொடர்பு ஆகியவற்றின் பயன்களைத் தக்க சான்றுகளுடன் விளக்குக.
4. கிள்ளான் தொழில்நுட்பர் 6,000 ரிங்கிட்டைத் தம் நம்பிக்கைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டதாகக் கட்டுரை கூறுவதன் பொருள் என்ன?
5. திறமையைவிடத் தொடர்புக்கு முதலிடம் தரும் சமுதாயம் நியாயமானதாக இருக்க முடியுமா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பத்தியில் எழுதுக.